நாலு விளக்குகளுக்கு நடுவே ஒரு நாள்

கொசஸ்தலையாற்றின் வெள்ளத்தைத் தாமரைப்பாக்கத்து அணைக்கட்டில் மறித்து, கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்குத் திருப்பி, இங்கிருந்து புழல் ஏரிக்கு இறக்கி, அதற்கப்பால் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சென்னைப் பட்டணத்து ஜனங்களின் தாகத்தைத் தீர்க்கும் ஏற்பாடு 1872-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்று முதல் எங்கள் ஊர்த் தண்ணீர் வருஷா வருஷம் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் மனிதர்கள் போகிறார்களா என்றால், போகிறார்கள், ஆனால் பார்ப்பதற்காகப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கோர்ட்டு வியாஜ்யத்துக்குப் போவார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் தியாகராய நகருக்குப் போய் நகையும் பட்டும் வாங்கிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், ஒரே நேர்ச்சாலையின் கோடியில் இருக்கிற மகாநகரத்தை, அதன் பொருட்டே ஒரு தினத்தை ஒதுக்கி, காலால் நடந்து, கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் மிகச் சொற்பம்.

காணும் பொங்கல் ஒரு விதிவிலக்கு என்று வாசகர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம்தான். அன்றைக்குத் திருவள்ளூர் ஜில்லாவின் பாதி கட்டுச்சோற்று மூட்டையோடு மெரீனாவில்தான் இருக்கும். ஆனால் அன்று பார்க்கக் கிடைப்பது மனிதத் தலைகளே தவிர நகரமல்ல. கடலுக்குள் இறங்கக் கூடாதென்று போலீஸார் கட்டை கட்டித் தடுத்திருப்பார்கள், காணாமற்போகும் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் பெயரும் டெலிபோன் எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புவார்கள். அதை ஒரு திருவிழா என்று சொல்லலாம். ஊர் பார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர் பார்க்கும் வழக்கம் ஒரு காலத்தில் தலைகீழாகவும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சோழவரத்தில் போட்ட விமான ஓடுதளம், யுத்தம் முடிந்தபின் வேலையற்றுக் கிடந்ததைக் கண்டு, 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை அதில் மோட்டார் பந்தயங்கள் நடத்தினார்கள். பட்டணத்துச் சீமான்களும் கல்லூரி மாணவர்களும் அந்த நாட்களில் திரள் திரளாக எங்கள் ஊருக்கு வந்தார்கள். வந்தவர்கள் காரின் வேகத்தைப் பார்த்தார்களேயன்றி, ஏரியைப் பார்த்ததாகவோ ஊரைப் பார்த்ததாகவோ நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்து பந்தயங்கள் அங்கே போய்விட்டன. வேகமாய்ப் போகிறவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நானும் என் மனைவியும் ஒரு சனிக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கினோம். சனிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிறன்று ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை கதவடைத்துவிடும். மற்ற நாட்களில் ஹைக்கோர்ட்டுக்கு வருகிற வக்கீல்கள், கட்சிக்காரர்கள், அவர்களுடைய வாகனங்கள் ஆகியவற்றின் நெரிசலில் பாரிமுனையில் நின்று அண்ணாந்து பார்க்க முடியாது. அண்ணாந்து பார்க்க முடியாவிட்டால் பாரிமுனைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

பொழுது நன்றாக விடியுமுன் புறப்பட்டு, செங்குன்றத்து அரிசி ஆலைகளையும் மூலக்கடைப் பாலத்தையும் கடந்து, பாரிமுனைப் பக்கம் இறங்கியபோது பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸின் நெற்றியில்தான் வெயில் விழத் தொடங்கியிருந்தது. 1788-இல் வேல்ஸ் தேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பெயர், அவர் ஸ்தாபித்த கம்பெனியைத் தாண்டி, ஒரு நாற்சந்திக்கும் ஒரு பேட்டைக்கும் நிலைத்துவிட்டது. அதே கட்டடத்தையொட்டி, நடைபாதை ஓரத்தில், 1773 ஜனவரி 1 என்று தேதி பொறித்த ஓர் எல்லைக்கல் நிற்கிறது. எவ்வளவோ முறை அதன் பக்கமாய்ப் போயிருக்கும் எனக்கு அதைச் சுட்டிக் காட்டியவள் என் மனைவிதான், “ஏங்க, இது என்ன, மைல் கல்லா?” என்று கேட்டாள். மைல் கல்லல்ல. பிரெஞ்சுக்காரரான லாலி 1758-இல் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வடபுறத்து வீடுகளில் ஒளிந்துகொண்டு சுட்டார்கள் என்பதால், இனிமேல் இந்தக் கல்லுக்குத் தெற்கே எவரும் வீடு கட்டக் கூடாதென்று கிழக்கிந்தியக் கும்பினியார் நட்ட வரம்பு இது. அந்த வெட்டவெளியின் பெரும்பகுதியில்தான் இன்று ஹைக்கோர்ட்டு எழும்பி நிற்கிறது.

ஹைக்கோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிற மாளிகையின் கோபுரங்களில் உயர்ந்ததை உற்றுப் பார்த்தால், உச்சியில் கலசம் இருக்கவேண்டிய இடத்தில் விளக்குக் கூடு போன்ற ஓர் அமைப்பு தெரியும். 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம் அதுவேதான். நீதிஸ்தலத்தின் தலையில் விளக்கேற்றி வைத்த ஊர் உலகத்தில் வேறெங்கே உண்டென்று எனக்குத் தெரியாது. ஆனால் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டனுக்கு இந்த விளக்கும் கண்ணில் பட்டிருக்கும். எம்டன் வீசிய குண்டுகளின் ஞாபகமாக ஹைக்கோர்ட்டு மதிலில் ஒரு கல்வெட்டும் பதித்திருக்கிறார்கள். அதே வளாகத்துக்குள், 1844-இல் கட்டிய பழைய விளக்குத் தூண் ஒன்று, கிரேக்கக் கோயில் தூணைப்போல் பருத்து, தன் உத்தியோகத்தை மாளிகையின் கோபுரத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. இவ்விரண்டுக்கும் முந்தியது கோட்டைக்குள் இருக்கிறது; பிந்தியது மெரீனாவின் தென்கோடியில் இருக்கிறது. ஆக, பட்டணத்துக்குக் கடல்வழி காட்டிய நாலு விளக்குகளும் ஒரே நடையில் அடங்கிவிடுகின்றன. பாரிமுனையிலிருந்து மெரீனா விளக்கு வரை நேராக நடந்தால் சுமார் ஆறு கிலோமீட்டர். அன்றைய எங்கள் பிரயாணத்துக்கு அந்த விளக்குகளே எல்லையாயின.

ஆனால் நேராக நடப்பவன் ஜார்ஜ் டவுனைப் பார்க்காமலே போய்விடுவான். ஆதலால் முதலில் வடக்கே திரும்பினோம். தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில்கொண்டிருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்று பழைய ஜனங்கள் சொல்வது இந்த இரட்டைக் கோயிலைத்தான். இந்தப் பெருமாளுக்கு முதலில் ஆலயம் இருந்தது இப்போது ஹைக்கோர்ட்டு இருக்கிற இடத்தில். மேலே சொன்ன யுத்த காரியத்துக்காகக் கும்பினியார் 1750-களின் பிற்பகுதியில் அதை இடித்துவிட்டு, பிறகு ஜனங்களின் மனக்கசப்பைத் தணிக்க இங்கே நிலம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டி முடித்தார். எல்லைக்கல்லையும் இந்தக் கோயிலையும் ஒரே காலையில் பார்த்தாலொழிய, ஒன்றுக்காக மற்றொன்று இடம் பெயர்ந்தது என்பது மனத்தில் பதியாது. புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பதியவில்லை.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் தெருவின் அதிகாரம் என் மனைவியின் கைக்கு மாறிற்று. தேவராஜ முதலித் தெருவின் கண்ணாடி வளையல்களையும், ராசப்பச் செட்டித் தெருவின் பித்தளைக் குத்துவிளக்குகளையும், நாட்டு மருந்துக் கடைகளின் வாசலில் சாக்குச் சாக்காக வாய்திறந்து நின்ற திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய் முதலிய சரக்குகளையும் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டும் முகர்ந்தும் விசாரித்தும் வந்த நிதானத்தைக் கண்டு, ஆரம்பத்தில் எனக்குப் பொறுமை குறைந்தது உண்மையே. கட்டடத்துக்கு வயது எத்தனை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தரத்தை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று யோசித்தால் அவள் கேள்விதான் இந்தத் தெருக்களுக்குப் பொருத்தமானது. ஜார்ஜ் டவுன் பார்வைக்காகக் கட்டப்பட்ட ஊரல்ல. சரக்குக்காகக் கட்டப்பட்ட ஊர். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடௌன் தெரு என்று, தெருவுக்குத் தெரு ஒரு சரக்கு இன்றும் இருக்கிறது. காய்கறிக்குரிய கொத்தவால் சாவடி மட்டும் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. மனைவியில்லாமல் வந்த புருஷனும், புருஷனில்லாமல் வந்த மனைவியும் இந்தப் பேட்டையில் பாதியைத்தான் பார்ப்பார்கள் என்பது அன்று எனக்கு ஏற்பட்ட தீர்மானம்.

கந்தகோட்டத்து முருகனைச் சேவித்துவிட்டு, தங்கசாலைத் தெருவில் பலகாரம் பண்ணினோம். இந்தத் தெருவின் தமிழ்ப் பெயர் வடகோடியில் இருந்த நாணயசாலையைச் சொல்கிறது. தெருவின் நாக்கோ குஜராத்தையும் மார்வாரையும் பேசுகிறது. வழக்கமான பூரியையும் ஜிலேபியையும் விட்டுவிட்டு, என் மனைவி அங்கே பிரசித்தமான முறுக்கு சாண்ட்விச்சைக் கேட்டாள். கடைக்காரர் ரொட்டிக்குப் பதிலாக உள்ளங்கையளவு வட்ட முறுக்கு இரண்டை எடுத்து, ஒன்றின்மேல் பச்சைச் சட்டினியைத் தடவி, வெள்ளரி, தக்காளி, வெங்காய வில்லைகளை அடுக்கி, மசாலாப் பொடியைத் தூவி, மற்ற முறுக்கால் மூடிக் கையில் கொடுத்தார். நம்முடைய முறுக்கு இப்படி வடநாட்டாரோடு சம்பந்தம் பண்ணிக்கொள்ளுமென்று எந்தப் பாட்டியும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். கடிக்கும்போது சட்டினி முழங்கை வரை வழியும். நின்றுகொண்டு, சற்றே குனிந்து தின்ன வேண்டிய பண்டம்.

அங்கிருந்து ஏழுகிணறு கூப்பிடு தூரம். 1772-இல் இந்த இடத்துக் கிணறுகளிலிருந்துதான் கோட்டைக்குக் குழாய் வழியே குடிநீர் போயிற்று; பட்டணத்தின் ஆதி நீர்நிலையம் இது. நூறு வருஷம் கழித்தே எங்கள் ஏரியின் முறை வந்தது. நான் இதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருக்க, என் மனைவி, “அப்போ நமக்கு முன்னாடி இவங்கதான் தண்ணி கொடுத்திருக்காங்க” என்று, ஏதோ பங்காளி வீட்டைக் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள். 2019-ஆம் வருஷக் கோடையில் பட்டணத்துக்குத் தண்ணீர் தரும் நாலு ஏரிகளும் வறண்டு, சோழவரம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவுமுறை வேடிக்கையாகத் தோன்றாது.

ஏழுகிணற்றுப் பக்கத்து வீராசாமித் தெருவில்தான் ராமலிங்க வள்ளலார் தம் இளமைக் காலத்தைக் கழித்தார். அங்கிருந்து கந்தகோட்டத்துக்கும், திருவொற்றியூர்த் தியாகேசர் சந்நிதிக்கும் அவர் நடந்தே போய் வந்தார் என்பது பிரசித்தம். பட்டணத்தில் நடந்தவர்கள் என்று ஒரு ஜாபிதா தயாரித்தால் அவர் பெயர்தான் தலைப்பில் இருக்கவேண்டும். திருவொற்றியூர் வரை போக எங்கள் கால்கள் சம்மதிக்கவில்லை, தெற்கே திரும்பினோம்.

அரண்மனைக்காரத் தெருவிலுள்ள ஆர்மீனியக் கோயிலுக்குள் நுழைந்தபோது, வெளித் தெருவின் ஓசை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. 1772-இல் கட்டிய ஆலயம். தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். முற்றத்துத் தரையெங்கும் ஆர்மீனிய எழுத்தில் கல்லறைப் பலகைகள். அவற்றின்மேல் உதிர்ந்து கிடக்கும் பூக்கள். பாரசீகத்து ஜூல்பாவிலிருந்து ரத்தினமும் பட்டும் விற்க வந்த அந்தச் சமூகத்தார் இன்று சென்னையில் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆயினும் உலகத்திலேயே முதன்முதல் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த பத்திரிகை, “அஸ்தரார்” என்பது, 1794-இல் இதே பட்டணத்தில்தான் அச்சாயிற்று. அதன் ஆசிரியரான பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த முற்றத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ஒரு பத்திரிகையாளனுக்கு இதைவிடச் சிறந்த க்ஷேத்திரம் ஏது?

உச்சிவெயிலுக்குக் கோட்டைக்குள் இருக்க வேண்டும் என்பது என் திட்டம். சுவர்கள் கனமானவை, மரங்கள் முதியவை, அருங்காட்சியகத்தில் மின்விசிறி உண்டு. 1640 ஏப்ரல் 23 அன்று முதற்கட்டம் முடிந்து, அன்றைய மகானான ஜார்ஜின் பெயரைப் பெற்ற இந்தக் கோட்டைக்குள், வாசலில் பையைச் சோதித்தபின் பொதுஜனங்களையும் அனுமதிக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் பலருக்கு இன்னும் தெரியாது. தலைமைச் செயலகம் இருக்கிறதே, நம்மை விடுவார்களா என்று தயங்கியே நின்றுவிடுகிறார்கள்.

புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டையானது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலத் திருச்சபைக் கோயில்களில் இதுவே பழையது. குண்டு விழுந்தாலும் பிளக்காதபடி, மரமே சேர்க்காமல், கூரையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் விவாகம் நடந்தது இங்கேதான். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் கல்லறைப் பலகைகளைத் தளவரிசையாகப் பாவியிருக்கிறார்கள். லத்தீனிலும் போர்ச்சுகீசியத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்கள். சிலவற்றில் குலச் சின்னம். சிலவற்றில் எழுத்துத் தேய்ந்து, விரலால் தடவினால்தான் ஆண்டு தெரிகிறது. உண்மையில் இவற்றின் அடியில் எவரும் இல்லை. ஹைக்கோர்ட்டுப் பக்கத்து இடுகாட்டில் இருந்த சமாதிகளின் மறைவில் லாலியின் படைகள் பதுங்கியதால், கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு ஹைதர் அலியின் பயம் வந்தபோது அவற்றையே பீரங்கிகளுக்கு மேடையாகவும் போட்டார்கள். என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பேர் எழுதியிருக்கே, எப்படி மிதிக்கிறது?” என்று, பலகைக்கும் பலகைக்கும் இடையிலிருந்த சந்திலேயே கால்வைத்து, அந்தப் பிராகாரத்தைச் சுற்றி முடித்தாள்.

அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் உச்சியில்தான் 1796-இல் பட்டணத்தின் முதல் விளக்கு எரிந்தது. எண்ணெய் விளக்கு. கீழே வியாபாரிகள் கூடும் மண்டபம், மேலே கப்பல்களுக்கு வெளிச்சம் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு காரியங்களையும் கும்பினியார் சிக்கனமாய் முடித்திருக்கிறார்கள். உள்ளே வாள்களும் நாணயங்களும் துரைமார்களின் படங்களும் நிறைய. அவை எனக்கு அலுத்துவிட்டன. 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்; அதன் முன்னே மட்டும் சற்று நேரம் நின்றோம்.

வெயில் சாய்ந்தபின் மிச்சமுள்ள நடை. கோட்டையிலிருந்து நேப்பியர் பாலம் வரையுள்ள தூரம் நடப்பவனுக்குத் தண்டனை. வாகனங்களுக்காகவே ஏற்பட்ட விசாலமான சாலை, ஒதுங்க நிழல் குறைவு. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்ற கொள்கையை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டே ஏற்றுக்கொண்டது. தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019-இல் அதற்கேற்ப அழகாகத் திருத்தியும் காட்டிற்று. துணிக்கடைக்குப் போகிறவர்களுக்குக் கிடைத்த அந்தச் சௌகரியம், சரித்திரம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பாரிமுனைக்கும் கோட்டைக்கும் இடையில் உட்கார நாலு பெஞ்சு, சுத்தமான கழிப்பிடம் ஒன்று, கோட்டைக்கும் பாலத்துக்கும் இடையில் இரண்டு வரிசை மரம், இவ்வளவுதான் கேட்கிறோம். கழிப்பிடம் எங்கேயென்று கேட்கக் கூச்சப்பட்டே பாதி வழியில் ஊர் திரும்பும் பெண்களை எனக்குத் தெரியும்.

1869-இல் கட்டிய நேப்பியர் பாலத்தை, 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்டு வர்ணம் தீட்டியது நினைவிருக்கும். பாலத்தைக் கடந்தால் கடற்காற்று. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் இந்தக் கரையோரத்தைச் செப்பனிட்டு மெரீனா என்று பெயரிட்டார். தலைவர்களின் சமாதிகளில் கும்பல் அதிகம், வணங்கிவிட்டு நகர்ந்தோம். உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1968-இல் நிறுத்திய புலவர்களின் சிலைகள் வரிசையாகக் கடந்தன.

நாங்கள் வெகுநேரம் நின்றது உழைப்பாளர் சிலையருகில். 1959-இல் குடியரசு தினத்துக்கு முந்தின நாள் நாட்டப்பெற்ற இந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. நாலு மனிதர்கள் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கிறார்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் போய்க் காலைப் பாருங்கள். ஊன்றிய காலின் கெண்டைச் சதை, மண்ணைக் கவ்விய விரல்கள், வளைந்த முதுகின் நடுவே ஓடும் பள்ளம் ஆகியவற்றில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எத்தனையோ வருஷம் ஷிப்டு பார்த்த எனக்கு அறிமுகமான சுமை தெரிந்தது. பாறை இன்னும் புரளவில்லை. சிற்பி அந்தக் கணத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அதற்கும் தெற்கே ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க டியூடர் கம்பெனி 1842-இல் கட்டியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது. இவை எல்லோரும் அறிந்தவை. பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி, தலை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட பால்ய விதவைகளைத் திரட்டி, அவர்களைப் படிக்கவைக்க விடுதி நடத்தியதும் இதே வட்ட மாளிகையில்தான் என்பதைக் கேட்டதும் என் மனைவி சுவாமிஜியின் அறையைவிட அந்தச் சங்கதியைப் பற்றியே அதிகம் விசாரித்தாள். பனிக்கட்டி வியாபாரம் உருகிப்போயிற்று. அந்தப் பெண்களில் பலர் உபாத்தியாயினிகளானார்கள்.

கடைசி விளக்கு 1977-இல் பணியேற்றது. மேலே போக மின்தூக்கி இருக்கிறது; அன்றைக்கு எங்கள் முழங்கால்கள் அதை மிகவும் மெச்சின. உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால், கடலோரமாக நாள் முழுவதும் நடந்து வந்த வழி ஒரே பார்வையில் அடங்குகிறது. மணலில் இறங்கி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஏறினோம்.

கும்மிடிப்பூண்டியிலும் சோழவரத்திலும் ஷிப்டு வேலை பார்க்கும் இளந்தம்பதிகளே, வாரவிடுப்பு ஒன்றை இதற்குக் கொடுங்கள். மார்கழி, தை மாதங்கள் உத்தமம். பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், புதியது கடிக்கும். வெள்ளிக்கிழமையில் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், திங்கட்கிழமையில் கலங்கரை விளக்கத்துக்கும் விடுமுறை. அந்த இரண்டு நாட்களிலும் போகாதீர்கள்.